குச்சியம்மா காட்டிய இரண்டு விரல்

எனக்கு அறுபத்தொன்பது வயதாகிறது. வளர்த்தது ஐந்து பேரை. மூன்று நான் பெற்றது. இரண்டு என் தங்கை பெற்று, என் மடியில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. ஐந்தில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குச்சியம்மாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் பிறகு என் பெருமைக்கு இடம் கிடைக்காது.

திருவண்ணாமலையில் தலையில் முடி வைத்திருந்த பெண்களில், குச்சியம்மாவுக்குச் சுழி தெரியாதவள் ஒருத்தியும் கிடையாது. வேங்கிக்கால் ஆபீசுகளில் வேலை பார்க்கிற அம்மாக்கள், காலேஜ் பிள்ளைகள், செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பெண்கள் என்று எல்லார் உச்சந்தலையும் அவளுக்கு மனப்பாடம். முகம்தான் மறந்துபோகும். தெருவில் யாராவது நின்று சிரித்தால், "யாரு நீ? கொஞ்சம் குனி" என்பாள். குனிந்து காட்டினால், "அடியே, சாந்தியா! நல்லா இருக்கியா?" என்பாள். இதற்காகவே அவளைக் கண்டால் தூரத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. தெரியாதவர்கள் பார்த்தால் பெரிய மரியாதை என்று நினைப்பார்கள்.

சுழி என்பது உச்சியில் முடி வட்டமாகச் சுற்றிக் கிளம்புகிற இடம். குச்சி என்பது முடியைச் சுருட்டி வைக்கிற பிளாஸ்டிக் குச்சி. ஒல்லிக் குச்சி ரோஸ் நிறம், தடிக் குச்சி வெள்ளை. அவள் இடுப்பில் பத்து, மாராப்பில் பத்து சொருகியிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். உடம்பை வைத்து வந்த பெயர் அல்ல. கடை வாசலில் அவள் நின்றால் உள்ளே வெளிச்சம் போகாது. புதிதாக வருகிறவர்கள் அவளிடமே, "குச்சியம்மா இல்லீங்களா?" என்று கேட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் தலையை மட்டும் ஒருத்தரும் பார்த்ததில்லை. எந்நேரமும் ஒரு துண்டை இறுக்கிச் சுற்றியிருப்பாள். கல்யாணம், கோயில், மளிகைக்கடை எங்கே போனாலும் அதே கட்டு. அவளுக்கு வழுக்கை என்றார்கள் சிலர். மருந்து பட்டு முடி வெந்துபோயிற்று என்றார்கள் சிலர். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என் தலயப் பாத்தா எனக்கும் அதே மாதிரி வெச்சுவுடுன்னு கேப்பாளுங்கக்கா. ஒருத்தி தலை இன்னொருத்திக்கு வருமா? அதான் மூடி வச்சிருக்கேன்" என்றாள்.

நான் அந்தக் கடையில் தலை அலசுகிற வேலைக்குச் சேர்ந்தவள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் நிலத்தில் மணிலாக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கை இது. வீட்டுக்காரர் போன பிறகு பிள்ளைகளோடு டவுனுக்கு வந்தேன். முடியைச் சுருட்டிக்கொள்ளக் காசு கொடுப்பார்கள் என்று முதலில் நான் நம்பவில்லை. கல்யாணத்துக்கு, பிறந்தநாளுக்கு, சும்மா மனசு சரியில்லை என்பதற்குக்கூட வந்து சுருட்டிக்கொண்டு போனார்கள். இப்போது பையன்களும் வருகிறார்கள். உச்சியில் மட்டும் காலிஃபிளவர் மாதிரி வேண்டுமாம். வந்த வேகத்தில் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அலசி, பாகம் பிரித்து, நுனியில் காகிதம் மடித்து, குச்சியில் சுற்றி, மருந்து ஊற்றி, மூடி வைத்து, மறுபடி அலசி, இரண்டாவது மருந்து ஊற்றி நிறுத்தவேண்டும். முதல் மருந்து முடியை இளக்கும். இரண்டாவது, இளகினதை வளைந்தபடியே பிடித்து நிறுத்தும். நாற்றம் மட்டும் சொல்லி மாளாது. பக்கத்து டீக்கடைக்காரர் நாள் தவறாமல், "இன்னிக்கும் முட்டை அழுகிடுச்சாம்மா?" என்று கேட்பார். குச்சியம்மாவும் நாள் தவறாமல், "உன் டீய விட இது தேவலாம்" என்பாள்.

மற்ற கடைகளில் நாற்காலி சுவரோரம், கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். குச்சியம்மா கடையில் நட்ட நடுவில் இருந்தது. காரணம், அவள் தலையை வலம் வருவாள். மலையைச் சுற்றுகிற மாதிரி இடமிருந்து வலமாகத்தான் போவாள். ஒரு குச்சி விட்டுப்போயிற்று என்றால் திரும்பி ஒரு அடி பின்னால் வைக்கமாட்டாள். முழுச் சுற்றும் சுற்றிவந்துதான் அதைச் செருகுவாள். பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் அவள் வரும்போதெல்லாம் காலைத் தூக்கிக்கொள்ளவேண்டும். பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்த ஒரு அம்மா, "அங்க நடந்தது போதாதுன்னு இங்க காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன்" என்று அழுதே விட்டாள்.

சுற்றுவதில் மூன்று விதம் வைத்திருந்தாள். குச்சிகளை நெற்றியிலிருந்து பிடரி வரை நேர் வரிசையாக வைத்தால் அது நாற்று வரிசை. ஒரு குச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்றாவதை ஏற்றி வைத்தால் செங்கல் வரிசை. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். அவரிடம் பார்த்துப் பிடித்தது. நேர் வரிசையில் வகிடு வகிடாக மண்டை தெரியும். செங்கல் வரிசையில் சந்து தெரியாது, முடி கம்மியான தலைக்கு அதுதான் நல்லது. மூன்றாவது, குச்சியை நிறுத்திவைத்து முடியை அதில் கொடி ஏறுகிற மாதிரி ஏற்றுவது. நீள முடிக்கு அது. எந்தத் தலைக்கு எது என்று தீர்மானிக்க முதலில் சுழி பார்க்கவேண்டும். சுழி போகிற திசைக்கு எதிராகக் குச்சி வைத்தால், முடி காலமெல்லாம் நட்டுக்கொண்டே நிற்கும் என்பாள்.

சுழி பார்ப்பது சரி. பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பதுதான் குச்சியம்மாவிடம் இருந்த ஒரே கேடு. பஸ்ஸில் ஸ்டாப்பிங் பேர் சொல்லுகிற கண்டக்டர் மாதிரி கத்துவாள். "ஒத்தச் சுழி! வலப்பக்கம்!" என்றால் டீக்கடை வரை கேட்கும். "பொடுகு ஜாஸ்தி!" "நடுவுல ரூபா அளவு சொட்டை!" "நரைய மூடி வச்சிருக்கா!" தலைக்குச் சொந்தக்காரி கூனிக் குறுகிப் போவாள். "சத்தம் போடாதம்மா" என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "மறைக்கறதுக்கு இன்னாக்கா இருக்குது? தலைக்கு மேலதான இருக்குது" என்பாள்.

இந்த வாய்தான் என் செல்வியின் கல்யாணத்தில் வந்து விழுந்தது.

செல்வி என் தங்கையின் சின்ன மகள். வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை. போளூரிலிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை குமரேசன் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற கடை வைத்திருந்தான். தாய் இல்லாத பையன்; அவனை வளர்த்தது அத்தை. அந்த வீட்டில் அத்தை தும்மினால்தான் மற்றவர்கள் தும்முவார்கள். வந்து பார்த்து, பிடித்து, புடவையும் கொண்டுவந்து வைத்து, செல்விக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

செல்விக்கு முந்தைய வருஷம் காமாலை வந்து முடி கொட்டி, அப்போதுதான் திரும்பி வளர்ந்திருந்தது. பூ வைத்தால் நிற்கவில்லை, சரிந்தது. "கூட்டிட்டு வாக்கா. தடிக் குச்சி வச்சு லேசா அலை மாதிரி எடுத்துவுடறேன். மொழம் மொழமா பூ நிக்கும்" என்றாள் குச்சியம்மா.

ஆனால் செல்விக்கு ரெட்டைச் சுழி. எண்ணெய் தேய்த்துவிட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும். ரெட்டைச் சுழி என்றால் இரண்டு கல்யாணம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். முதல் புருஷன் தங்கமாட்டான் என்று அதற்கு அர்த்தம் வைத்துவிடுவார்கள். நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனால் நம்புகிறவர்கள் வீட்டுக்குத்தானே பெண் போகப்போகிறது.

குச்சியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "இந்தா பாரும்மா. எம் பொண்ணு தலையில இன்னா பாத்தாலும் வாயத் தொறக்காத."

"நானா? நான் யார்கிட்டக்கா சொல்லப் போறேன்?" என்றாள். சொன்னதோடு நிற்காமல், ஞாபகத்துக்காக மூன்று கிளிப்பை எடுத்து வாயில் குறுக்காகக் கடித்துக்கொண்டாள்.

செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அத்தைதான். பௌர்ணமிக்கு வந்தவள், எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பெண் இங்கே இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். துண்டால் முகத்தை மூடியிருந்ததால் செல்விக்கு வந்தவள் யாரென்று தெரியவில்லை. குச்சியம்மா அவளை முன்னே பின்னே பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் குனிந்தால்தானே தெரியும்.

குடத்தோடு நான் உள்ளே வரவும், மூன்று கிளிப்பும் தரையில் விழவும் சரியாக இருந்தது.

"அடிப்பாவி, ரெட்டைச் சுழிடி! ஒண்ணு வலப்பக்கம் சுத்துது, ஒண்ணு இடப்பக்கம் சுத்துது! பச்சக்கா, ஓடியா, வந்து பாரு! ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கினு கெடக்குது!"

அத்தை எழுந்தாள். என்னைப் பார்த்தாள். "போய்ட்டு வர்றேன் பச்சையம்மா" என்று மட்டும் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தரகர் வந்து, நிச்சயத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்கள் என்றார். இப்போதைக்கு என்றால் எப்போதைக்கு என்று எனக்குத் தெரியாதா? செல்வி நேராக உள்ளே போனாள். பூ வைத்த புடவையை எடுத்து மடித்து, மேலே ஒரு செய்தித்தாளைச் சுற்றி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் குச்சியம்மாவைத் திட்டவேண்டும் என்றுதான் கடைக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். வாயில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். பிறகு கழுத்தில் மூன்று முடிச்சு போடுகிற மாதிரி காட்டினாள். பிறகு மலையைக் காட்டினாள். எனக்குப் புரிய நேரமாயிற்று. செல்வி கழுத்தில் தாலி ஏறுகிறவரை பேசமாட்டாளாம். மலையின் மேல் சத்தியமாம்.

இந்த ஊரில் மௌனம் இருப்பது புதிது அல்ல. ஆசிரமத்துப் பக்கம் போனால் பேசாதவர்கள்தான் அதிகம். ஆனால் குச்சியம்மா மௌனம் என்பது பஸ் ஸ்டாண்டு மௌனம் இருக்கிற மாதிரி. முதல் நாள் டீக்கடைக்காரர் வந்து, "இன்னிக்கும் முட்டை அழுகிடுச்சாம்மா?" என்றார். பதில் இல்லை. முகம் வெளுத்துப்போய், "உடம்புக்கு இன்னா?" என்று என்னிடம் கேட்டார். சாயங்காலம் சும்மாவே ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கடைக்கு மேலே மாடி ரூமில் ஒரு இத்தாலிக்கார அம்மா இருந்தாள். அவளுக்குப் பஞ்சு மாதிரி மெல்லிய முடி. குச்சியம்மாதான் அதைச் சுருட்டிக்கொடுத்திருந்தாள். அவள் இறங்கிவந்தாள். குச்சியம்மா வாய் திறக்காமல் ஒரு தலையைச் சுற்றிச் சுற்றி வலம் வருவதைப் பார்த்தாள். கைகூப்பினாள். அப்படியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் கடை நிறைந்துவிட்டது. சுருட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு உட்கார இடம் இல்லை.

வாய் போன பிறகு குச்சி கேட்பதற்கு அவள் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒல்லிக் குச்சி. இரண்டு விரல் என்றால் தடிக் குச்சி. நான் எடுத்துக் கொடுப்பேன். அவள் ஒரு விரலைத் தூக்கியதும் கீழே உட்கார்ந்திருந்த தாடிக்காரர் ஒருவர் கண்கலங்கி, "எல்லாம் ஒன்று" என்று ஏதோ சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரலைத் தூக்கினாள். ஒருத்தரும் அசையவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றா, இரண்டா என்று வாசலில் அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இங்கிலீஷில் நடந்ததால் நான் நடுவில் போகவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் போளூர் அத்தை வந்தாள். பூ வைத்த புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று கையில் இருந்த காலிப் பையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பை நிறைந்து அவள் திரும்பிப் போனால் கதை முடிந்தது. சத்தம் போடத் தயாராகத்தான் வாசற்படி ஏறினாள். உள்ளே இருபது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஊதுவத்தி வாசனையும் அழுகின முட்டை வாசனையும் கலந்து வந்தது. அத்தை குரலை இறக்கினாள். செருப்பைத் தள்ளிப் போய்க் கழற்றினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"இது இன்னாம்மா இது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

"மௌனம் இருக்கிறாங்க."

"எதுக்கு?"

"எம் பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு."

அத்தை பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குச்சியம்மா வந்தாள். அத்தையின் கையைப் பிடித்து எழுப்பினாள். அவளுக்கு மனுஷர்களோடு என்ன செய்வது என்று தெரியாவிட்டால் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள்; வேறு வழி அவளுக்குத் தெரியாது. மௌனம் இருக்கிறவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அத்தை உட்கார்ந்தாள். குச்சியம்மா கொண்டையை அவிழ்த்தாள். சீப்பின் வால் முனையால் வகிடு எடுத்தாள். உச்சியில் முடியை விலக்கினாள்.

நின்றுவிட்டாள்.

எனக்கு அந்த நிற்பு தெரியும். அடுத்து டீக்கடை வரை கேட்கும். அவள் கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வாய் திறக்கவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினாள்.

நான் தடிக் குச்சியை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடி இரண்டு விரல். அப்புறம் அந்த இரண்டு விரலையும் அத்தையின் உச்சந்தலைக்கு நேராக மடக்கிக் காட்டினாள். தாடிக்காரர், "ஆ" என்று பெருமூச்சு விட்டார்.

அத்தை எதிரில் இருந்த கண்ணாடியில் அதைப் பார்த்தாள். தன் கையைத் தானே தூக்கி உச்சியில் வைத்துத் தடவினாள். அவள் மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டாளாம், தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லையாம். இதைப் பிறகு சொன்னாள். அப்போது, நாற்பது வருஷமாக ஒரே புருஷனோடு குடித்தனம் பண்ணுகிறவள், கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

குச்சியம்மா வேலையை ஆரம்பித்தாள். அந்த இடத்தில் முடி இரண்டு பக்கமும் பிரிந்து, நடுவில் மண்டை தெரிந்தது. செங்கல் வரிசையில் தடிக் குச்சிகளை ஏற்றினாள். ஒரு சுழிக்கு வலமாக, இன்னொன்றுக்கு இடமாக. இடமாக வைப்பதற்காக, நான் பார்க்க முதல் தடவையாக, அவள் பின்னால் ஒரு அடி எடுத்துவைத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் தெரியாமல் காலைத் தூக்கிவிட்டார்கள்.

மருந்து ஊற்றி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டால் யாராக இருந்தாலும் எழுந்து போகமுடியாது. அத்தை தலையில் குச்சிகளோடு, கண் எரிய உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் செல்வி ஆபீஸ் விட்டு வந்தாள். அத்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். பிறகு ஒரு அட்டையை எடுத்துவந்து பக்கத்தில் நின்று விசிற ஆரம்பித்தாள்.

"எதுக்குடி விசுறற? நான் பொடவைய வாங்கிக்கினு போக வந்திருக்கேன்" என்றாள் அத்தை.

"மருந்து கண்ணு எரியும், அத்த. பொடவய வீட்டுல மடிச்சுக் கட்டித்தான் வச்சிருக்கேன், எடுத்துக்கலாம்."

"கட்டி வச்சிட்டியா?"

"அன்னிக்கே வச்சிட்டேன்."

அத்தை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "உனக்குக் கோவம் இல்லியா?"

"இருக்குது. கண்ணு எரியறது வேற, கோவம் வேற" என்றாள் செல்வி. விசிறுவதை நிறுத்தவில்லை.

நான்தான் அத்தைக்குத் தலை அலசினேன். சூடு பார்த்து, பதமாக ஊற்றி, உச்சியில் விரல் வைத்துத் தேய்த்தேன். என் விரலுக்குத் தெரியும். அத்தைக்கும் என் விரலுக்குத் தெரியும் என்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டே, "ஏம்மா பச்சையம்மா" என்றாள்.

"சொல்லுங்க."

"ரெண்டு கல்யாணம்தான விதி? ஒரே மாப்ளையே ரெண்டு தடவ கட்டிட்டா இன்னா?"

"கட்டலாமே."

"காலைல கோயில்ல ஒண்ணு. அப்புறமா மண்டபத்துல ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சு. யாரு கேக்கறது?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"நான்தான் யோசனை சொன்னேன்னு சொல்லு" என்றாள் அத்தை. காலிப் பையோடு திரும்பிப் போனாள். தலை மட்டும் நிறைந்து போயிற்று. உச்சியில் அலை அலையாக எழும்பி நின்றது. போளூர் பஸ்ஸில் இரண்டு பேர் எங்கே செய்துகொண்டீர்கள் என்று கேட்டார்களாம்.

குமரேசனிடம் இரண்டு தாலி என்று சொன்னபோது, "பத்து தடவை வேணும்னாலும் கட்டறேன், சோறு மட்டும் ஒருவாட்டி போட்டாப் போதும்" என்றானாம். அப்போதே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்தன்று கோயிலில் முதல் தாலி கட்டி முடிந்தது. இனிப் பேசலாமே என்று குச்சியம்மாவைப் பார்த்தேன்; இரண்டும் ஏறட்டும் என்று இரண்டு விரலைக் காட்டினாள். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் அத்தை தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள். "கட்டுங்க" என்றாள். "இது எதுக்குடி இந்த வயசுல?" என்றார் அவர். "வேண்டுதல்" என்றாள். அவர் தடுமாறிக்கொண்டே கட்டினார். என்ன வேண்டுதல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. குச்சியம்மா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

மண்டபத்தில் இரண்டாவது தாலி. இத்தாலி அம்மாவும் தாடிக்காரரும் மற்றவர்களும் பட்டுச் சேலையும் வேட்டியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாலி ஏறியதும் அம்மா மௌனம் கலைப்பார்கள் என்று அவர்களுக்குச் செய்தி போயிருந்தது. முதல் வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. மூன்றாவது முடிச்சு விழுந்தது. மேளம் நின்றது. மண்டபமே அமைதியானது. குச்சியம்மா எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"தவில்காரர் தலைல பாருக்கா! ஒத்தச் சுழி, நட்ட நடுவுல, ஆணி அடிச்ச மாதிரி!"

தவில்காரர் தலையைப் பொத்திக்கொண்டார். தாடிக்காரர் மட்டும் அதற்கும் கைகூப்பினார்.

அதற்கப்புறம் அவளை நிறுத்தமுடியவில்லை. பேசாமல் போன நாட்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினாள். செல்விக்குப் பெண் பிறந்து முதல் மொட்டை போட்டபோது, கத்தி எடுத்த மறுநிமிஷம், "இதுக்கும் ரெண்டுடோய்!" என்று கத்தினாள். நான் பயந்துபோய் அத்தையைப் பார்த்தேன். அத்தை மடியில் இருந்த குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, "பின்ன? எங்க வீட்டுத் தலை இல்ல?" என்றாள்.

போன ஐப்பசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த குச்சியம்மா எழுந்திருக்கவில்லை. நடுவில் போட்டிருந்த அந்த நாற்காலிதான். ஓசூரிலிருந்து அவள் மகன் வந்தான். குளிப்பாட்ட வேண்டிய நேரத்தில் சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். தலையில் துண்டு இருந்தது. அதை யாரும் தொடவில்லை. மகன் என்னிடம் வந்து, "பெரியம்மா, தலைக்கு நீங்க ஊத்துங்க" என்றான்.

துண்டை நான்தான் அவிழ்த்தேன். முடி இடுப்பைத் தாண்டி வந்து விழுந்தது. கோரைப்புல் மாதிரி நேர் முடி. ஒரு சுருள் கிடையாது, ஒரு வளைவு கிடையாது. ஊர்த் தலையெல்லாம் சுருட்டினவள் தன் முடியில் ஒரு குச்சி வைத்ததில்லை. பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

சீயக்காய் போட்டு, சூடு பார்த்து, பதமாக ஊற்றினேன். சூடு தெரியாது என்று எனக்குத் தெரியும். கை பழக்கம் விடவில்லை. உச்சியில் முடியை விலக்கிப் பார்த்தேன். அழுகைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு டீக்கடை வரை கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஒத்தச் சுழி! வலப்பக்கம்!"

எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். செல்விக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குச்சியம்மாவுக்குச் செய்யவேண்டிய மரியாதை எதுவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அபிதா, செல்வி மகளே, இங்கே வாடி. உன் தலையில் இருக்கிற இரண்டையும் பாட்டி இதில் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து ஒருதடவை வாசித்துக் காட்டு. நான் கத்தின இடம் வந்தால் மட்டும் சத்தமாக வாசி; குச்சியம்மாவுக்குக் கேட்கட்டும்.